1147 இன்னும் உள்ளே

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் சயனைடு மேட்டு மணல் பறந்து வந்து கீபோர்டு முழுக்க நறநற. இன்று முடிக்க வேண்டியவை: லாகின் பக்கம், பலகைப் பக்கம், தலைக்கு எண்ணெய். முடிந்தது எண்ணெய் மட்டும்.

பி.சி.ஏ. கடைசி வருட ப்ராஜெக்ட். வகுப்பில் பாதிப் பேர் ஹோட்டல் புக்கிங், மீதிப் பேர் மருந்துக்கடை. நான் லேப் வருகைப் பலகை. ஐடியா அப்பாவுடையது, அவருக்கே தெரியாமல் சுட்டது. சுரங்கத்தில் அவருக்கு நம்பர் போட்ட பித்தளை டோக்கன் ஒன்று இருந்ததாம். இறங்கும்போது எடுத்துப் போக வேண்டும், ஏறி வந்ததும் ஜன்னலில் கொடுக்க வேண்டும். வாங்கி அவரவர் ஆணியில் மாட்டுவார்கள். ஆணி காலி என்றால் ஆள் இன்னும் கீழே. எந்த டேட்டாபேஸும் இவ்வளவு தெளிவாக இருக்காது.

என் பக்கத்திலும் அதேதான். 1 முதல் 60 வரை ஆணி. லேபுக்குள் வரும்போது ஒரு பட்டன், போகும்போது ஒரு பட்டன். மேலே பெரிய எழுத்தில், உள்ளே எத்தனை பேர்.

பிப்ரவரி 5, புதன்

நல்ல வெயில். லேபில் முதல் டெஸ்ட், ஏழு பேரை வைத்து. இன்னும் நெட்டில் ஏற்றவில்லை, என் லேப்டாப்பில் மட்டும். உள்ளே வரும்போது ஒழுங்காக வந்தார்கள். போகும்போது என் மேஜை முன்னால் தள்ளுமுள்ளு. பஸ் போய்விடுமாம்.

ரூபா: "புவனா, எனக்கும் சேத்து நீயே அழுத்திடு, ப்ளீஸ்டி." சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டாள்.

சரி என்று ஒரு பட்டன் சேர்த்தேன்: "நண்பருக்காக வெளியே". பத்து வரி கோடு. நாளை எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆடினார்கள். பட்டன் சூப்பர் ஹிட். ஒருத்தி நின்று ஏழு பேரையும் வெளியே அனுப்பினாள்.

ஆனால் எல்லோரும் போன பிறகும் "உள்ளே: 1". நம்பர் 1147. நேரம் ம. 2.10. அறுபதுக்கு மேல் எந்த நம்பரையும் என் கோடு ஏற்காது, அதை நானே மூன்று தரம் சோதித்திருக்கிறேன். ரூபாவைப் போனில் கூப்பிட்டுத் திட்டினேன். அம்மா மேல் சத்தியம் செய்கிறாள். லேபில் நானும் ஒரு ஃபேனும் மட்டும். நண்பர் பட்டனை அழுத்தினேன், போய்விட்டது.

சாப்பாடு: எலுமிச்சை சாதம். ஊறுகாய் மறந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று காத்திருந்து பார்த்தேன். 2.09 வரை ஒன்றுமில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். 2.10க்கு 1147 வந்து நின்றது. ரூபா பையை எடுத்துக்கொண்டு ஓடியே போனாள்.

கைடு வசந்தா மேடத்திடம் காட்டினேன். "திங்கக்கிழமை கையெழுத்து. அதுக்குள்ள டெலிட் பண்ணு. குப்பை டேட்டாவோட வந்தா நான் போட மாட்டேன்." கையெழுத்து இல்லையென்றால் வைவா இல்லை. வைவா இல்லையென்றால் மூன்று வருடமும் தண்ணீரில்.

மாலை. அப்பா பெங்களூர் வாட்ச்மேன் டியூட்டி முடிந்து ரயிலில் வந்தார். வழக்கம்போலக் கால் முழுக்கப் புழுதி. எங்கள் வீட்டுக்குக் கோரமண்டல் ஸ்டேஷன்தான் பக்கம். அவர் அங்கே இறங்க மாட்டார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி நடந்து வருவார். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார்.

சாப்பிட உட்கார்ந்தவரிடம் பலகையைக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு நண்பர் பட்டனில் விரலை வைத்தார்.

"இது இன்னாது?"

சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. அப்புறம் நம்பரைப் பார்த்தார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கௌதமன் டோக்கன் அது. என் கேங்குதான். ஜன்னல்ல கியூ ஜாஸ்தியா இருக்கும்னு, மேல போற மொத கேஜ் லிஃப்ட்ல ஏறவன் கைல மத்தவங்க டோக்கன குட்த்தனுப்புவாங்க. கூடாதுதான். எல்லாரும் செஞ்சோம். அன்னிக்கு நான் ஏறினேன். ரெண்டு பத்துக்கு அவன் டோக்கன குட்த்தேன், மாட்டிட்டாங்க. கொஞ்ச நேரத்துல கீழ பாறை வெடிச்சிச்சு. ஆபீஸ்ல பலகைய பாத்தாங்க. எல்லா ஆணிலயும் டோக்கன் இருக்குது. யாரும் தேடி எறங்கல."

"நீங்க சொல்லலையாப்பா?"

"சாயந்தரம் அவன் சம்சாரம் வந்து கத்துச்சு. டோக்கன் இருக்குது, உன் புருசன் எங்கனா குடிச்சினு கெடப்பான்னு தொரத்துனாங்க. பக்கத்துலதான் நின்னுனு இருந்தேன். வேல போயிடும்னு வாய தொறக்கல. காலைலதான் எறங்கி பாத்தாங்க. விடியற வரைக்கும் உசிரு இருந்திருக்கும்னாரு டாக்டரு."

எழுதவே கை வரவில்லை. எனக்கு அப்பாவைப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கிறது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பட்டனை அழித்தேன். பத்து வரியும் போயிற்று.

பிப்ரவரி 8, சனி

கல்லூரி போகவில்லை. தலைவலி. லேப்டாப்பை மூன்று மணிக்குத்தான் திறந்தேன். 1147 அங்கேயே நின்றது, நேரம் மட்டும் இன்றைய ம. 2.10. மூடிக் கிடந்த லேப்டாப்பில்.

டெலிட் செய்ய ஒரு வரி போதும். டைப் செய்தும் விட்டேன். அப்போது அப்பா டியூட்டியிலிருந்து போன்.

"இருக்கானா?"

"இருக்காரு."

"நீ தள்ளாத வெளிய. நான் ஒருக்கா தள்ளனதே போதும்."

அடித்த வரியை அழித்தேன். மேடத்திடம் என்ன சொல்வது? தெரியவில்லை. துவைத்துப் போட்ட யூனிஃபார்ம் காயவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மேகமூட்டம். லேப்டாப்பைக் காலையிலேயே ஆஃப் செய்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். பார்க்கவே வேண்டாம் என்றிருந்தது.

சாப்பிட்டதும் அப்பா சலவைச் சட்டை போட்டார். அம்மா, "எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள். "ஸ்டேஷன் லைன் வரைக்கும்." கௌதமன் வீடு அங்கேதான், கோரமண்டலில் ரயில் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரில். இத்தனை வருடத்தில் எனக்கு இன்றுதான் தெரியும்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். தண்ணீர் கேட்டார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். ‘இதுக்கா இத்தினி வருசம் என் ஊட்டாண்ட எறங்காம சுத்தினு போன’ன்னு கேட்டாங்க அவன் சம்சாரம். அப்பறம் எழுந்து உள்ள போனவங்க வெளிய வரவேயில்ல. கொஞ்சம் நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

"அப்ப மணி என்னப்பா?"

"மூணு அடிச்சு கொஞ்ச நேரம் இருக்கும். ஏன்?"

பீரோவைத் திறந்தேன். லேப்டாப் ஆன் ஆக எப்போதும்போல இரண்டு நிமிடம். அப்பா பின்னால் வந்து நின்றார், மூச்சு என் தோளில் பட்டது.

உள்ளே: 0.

1147, வெளியே, ம. 3.20.

"யாரு அழுத்துனது?" என்றார் அப்பா.

நண்பர் பட்டன் வெள்ளிக்கிழமையே போய்விட்டது. இந்தப் பலகையில் இப்போது அவரவர் கையால் மட்டும்தான் வெளியே வர முடியும்.