61 சிக்னி தெரியவில்லை

செப்டம்பர் 15, 2025
பத்தாம் வகுப்புக்கு நட்சத்திரங்களின் நிறம் பற்றிச் சொல்ல வேண்டும். வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்: அன்ன மண்டலத்தில் 61 சிக்னி. ஆரஞ்சு நிறம். சூரியனைவிடச் சூடு குறைவு, நாலாயிரத்துச் சொச்சம் டிகிரிதான்.

செப்டம்பர் 18
இருட்டியதும் மொட்டை மாடி. வெம்பக்கோட்டை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "அந்தா, மங்கலா ஒண்ணு இருக்கு பாரு, இன்பம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு அங்கே வெறும் கருப்பு. "தெரியுதுங்க" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன்?

செப்டம்பர் 19
தூசியாக இருக்கும். தீபாவளி சீசன், பட்டாசு லாரிகள் ஓயவில்லை.

செப்டம்பர் 21
அமாவாசை. பள்ளி பைனாகுலரில் அகப்பட்டுவிட்டது. ஒன்றல்ல, ஒட்டினாற்போல் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள். ஒன்றையொன்று ஒரு தடவை சுற்றிவர அறுநூறு வருடத்துக்கு மேல் ஆகுமாம். நான் பார்த்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியே பதினோரு வருடம் தாண்டிவிட்டது. அப்போது அப்பாவுக்குக் கொஞ்சம் பார்வை மிச்சமிருந்தது. அன்று கைக்குழந்தையாக இருந்த என் மகள் ஜெபிஷாவை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்ப்பார்.
பைனாகுலரை இறக்கினேன். மறுபடி கருப்பு.
அப்பாவுக்கும் இப்படித்தான் — முதலில் இருட்டில் மட்டும். எனக்கு நாற்பது ஆகிறது.

செப்டம்பர் 24
மாடிப்படியில் விழுந்தேன். முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே அவர் கேட்டார், "அன்னைக்கு நெசமாவே தெரிஞ்சுச்சா?"
இல்லை என்று தலையாட்டினேன். "எனக்கு வந்தா வந்துட்டுப் போகுதுங்க. ஜெபிஷாவுக்கும் வந்திருந்தா?"
அவர் எழுந்து போய், பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் அருகில் சும்மா நின்றார்.

செப்டம்பர் 27
ஆண்டவரே, அவள மட்டும் விட்டுருங்க.

அக்டோபர் 4
மதுரை கண் ஆஸ்பத்திரி. ஜெபிஷாவிடம் 'சும்மா செக்கப்' என்றுதான் சொல்லியிருந்தோம். இருவருக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். எனக்கு விழித்திரையில் அப்பாவுக்கு வந்த அதே நோய் தொடங்கிவிட்டது, மெதுவாகத்தான் போகும் என்றார் டாக்டரம்மா. மகளுக்கு? "இப்போதைக்கு ஒண்ணுமில்ல. வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க."
இப்போதைக்கு. திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.
பஸ்ஸை விட்டு இறங்கும்போது இருட்டியிருந்தது. ஜெபிஷா செல்போன் டார்ச்சைப் போட்டாள். தன் முன்னால் அல்ல, என் காலடியில் பிடித்தாள்.
"மெல்ல வாங்கம்மா. இங்கன பள்ளம்."