வரச் சொல்லி வந்த கடதாசி

பந்தலூர்
12.11.1981

அன்பு மகள் சின்னம்மைக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், மெட்ராசில் நீயும் ஹாஸ்டல் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். நேற்று அடித்த தந்தியைப் பார்த்து உனக்கு நெஞ்சு பதறியிருக்கும். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. இருபத்துமூன்றாம் தேதி குன்னூர் காலேஜில் உனக்கு இண்டர்வியூ, நீ எழுதிப் போட்டிருந்த உதவி நூலகர் வேலைக்குத்தான். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

விண்ணப்பத்தில் நீ நம் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாய் அல்லவா, தபால்காரர் வேலன் போன மாதமே ஒரு பழுப்புக் கவரை உன் அம்மா கையில் கொடுத்திருக்கிறார். தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவள் அதை எனக்குக் காட்டாமல் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் ஒளித்துவிட்டாள். திங்கட்கிழமை என் கம்பளிச் சட்டையைத் தேடப் போய் அது கையில் அகப்பட்டது. எடுத்துக்கொண்டு ஃபாக்டரி ஹெட் கிளார்க் லெஸ்லி ஐயாவிடம் ஓடினேன், அவர் படித்துவிட்டு, இண்டர்வியூ ஐந்தாம் தேதியே முடிந்திருக்குமே அய்யாவு என்றார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவைச் சத்தம் போட்டேன், பொய் சொல்வானேன். அவள் அழவில்லை. "இன்னைக்கு வரைக்கும் நமக்கு இந்த மாதிரி கவர்ல வந்த கடதாசி எல்லாம் போ போன்னுதான் சொல்லியிருக்கு. வான்னு கூப்புடுற கடதாசியும் வருமுன்னு நான் என்னத்தக் கண்டேன்" என்றாள். உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். சிலோனைவிட்டுக் கிளம்பச் சொல்லி நமக்கு நோட்டீஸ் வந்தபோதும் இவள் இதே பெட்டியில் இரண்டு மாதம் ஒளித்துவைத்திருந்தாள், அந்த இரண்டு மாதத்தில்தான் நீ எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தாய். அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டித்தான் இங்கே உன்னை ஒன்பதாவதில் சேர்த்தேன். அவளை நான் என்னவென்று திட்டுவது.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ் பிடித்து கூடலூர், ஊட்டி வழியாகக் குன்னூர் போனேன். காலேஜ் நூலகத்தில் பங்கஜம் என்று ஒரு கோயமுத்தூர் அம்மாள், வருகிற மே மாதம் ரிட்டயர் ஆகிறார், அவர் இடத்துக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மழையில் பர்லியாறு பக்கம் மலைப்பாதை சரிந்து இண்டர்வியூ கமிட்டிக்காரர்கள் மேலே வர முடியவில்லையாம், இருபத்துமூன்றுக்குத் தள்ளிவைத்து எல்லாருக்கும் எழுதியாயிற்றே, உங்களுக்கு வரவில்லையா என்று கேட்டார். வராமல் என்ன, வீடு திரும்பிப் பெட்டியைக் கவிழ்த்தேன், கலியாணச் சேலை மடிப்புக்குள் இரண்டாவது கவர். ஒளித்துவைப்பதற்கு ஒரு பட்டம் இருந்தால் உன் அம்மா உனக்கு முன்னால் வாங்கியிருப்பாள்.

வேலை கிடைத்தால் எம்.லிப். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே, அதையும் அந்த அம்மாளிடம் கேட்டேன். "ஏனுங்க, அந்தத் தப்ப மட்டும் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க. நான் சர்டிபிகேட் கோர்ஸோட வந்தவளுங்க. இருபத்திரண்டு வருசம் இதே நாற்காலி. எனக்கு அப்புறம் வந்தவங்க எல்லாம் பெரிய படிப்பு படிச்சுட்டு நூலகராயிப் போயிட்டாங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை. பரீட்சை ஏப்ரலில், அவர் போவது மே கடைசியில், ஜூன் மாதம் சேர்கிறேன் என்று உங்கள் பெண் தைரியமாகக் கேட்கட்டும் என்று அவரே வழியும் சொல்லிக்கொடுத்தார். ஒத்துக்கொண்டால் வேலை, இல்லாவிட்டால் படிப்பு, இரண்டில் எதுவானாலும் நமக்கு நஷ்டமில்லை. எங்களை நினைத்து அவசரப்படாதே, நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

வரும்போது பட்டச் சான்றிதழ்களின் அசல் எல்லாம் எடுத்து வா. லீவில் நம் தொழிலாளர் சங்கப் படிப்பகத்துப் புத்தகங்களைப் பிரித்து நம்பர் ஒட்டி ஒரு நோட்டு எழுதினாயே, அதை நான் கொண்டுவருகிறேன், கமிட்டி முன்னால் வை. கல்யாண வீட்டுச் சேலை வேண்டாம், ஸ்வெட்டர் போதும். எஸ்டேட் தொரை முன்னால் நாங்கள் நிற்கிற மாதிரி தலையைக் குனிந்து நிற்காதே. உனக்கு எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அம்மா உன் பெயருக்கு மாரியம்மனுக்கு விளக்குப் போட்டிருக்கிறாள்.

ஒன்றை மறந்துவிடாதே. சொந்த ஊர் எது என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே கேட்டபோது இந்தியா என்றேன், இங்கே கேட்டால் சிலோன் என்று வாயில் வருகிறது, பத்து வருஷமாக நான் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். நீ தடுமாறாதே. பந்தலூர் என்று சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
அய்யாவு