வகுபடாத எண்ணும் என் மாப்பிள்ளையும்

மாப்ளே,

இன்று காலை சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்த பிள்ளை, ஸ்பிரிட் பஞ்சை என் கையில் அமுக்கினாள். அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய்.

தேனி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டிலில் நீ, பக்கத்து ஸ்டூலில் நான். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையில் பாதி உன் மண்டியைத் தாண்டித்தான் கேரளா போகும். அப்பேர்ப்பட்ட ஆள், ஊசியைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். "போதும் மாப்ள. இனிமே வரல. வீட்டுலயே கெடக்குறேன்." வராவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தாக. வாசலில் உன் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்னாக.

எனக்கு என்ன தெரியும்? பீத்திக்கொள்ளத் தெரியும். "ஒருத்தனாலயும் வகுக்க முடியாத நம்பர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. கண்டுபிடிச்சதே நாந்தான்" என்றேன். என் அறிவைத் தாங்க முடியாமல் எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டது உனக்குத் தெரியாததா? ஒன்று முதல் ஒன்பது வரை அடுக்கினேன். மண்டியில் பெட்டி எண்ணும்போது ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவோமே, அந்த லாபத்தைக் கடைசியிலும் வைத்தேன். 1234567891.

"வகுத்துட்டா?"

"மீசைய எடுத்துடுறேன்."

"மீச யாருக்கு வேணும்? வகுத்துட்டா நான் இங்கன வரமாட்டேன். சம்மதமா?"

சம்மதித்துத் தொலைத்தேன்.

ஒரு கை மெஷினில் இருக்க, மறு கையால் பேப்பர் ஓரத்தில் வகுத்தாய். இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தாறு, மூன்று சேராது. அதனால் ஒன்பதையும் தள்ளினாய். ஏழில் நான்கு மிச்சம். பதினொன்றில் ஏழு மிச்சம். அதற்குள் மெஷின் நின்றுவிட்டது. "பதிமூணு அடுத்த தடவ" என்றாய். அடுத்த தடவை! உன் வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு ஒரு மாலையே போட்டிருக்கலாம்.

நாற்பத்தொன்றில்தான் கண்டம் வந்தது. "ஏலே, ஒரே ஒரு லாபம் கொறயுது! கடைசில ரெண்டுன்னு வச்சிருந்தா தீந்துபோயிருக்கும்!" என்று நீ போட்ட கூச்சலில் அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

மறுநாள் உன் மகள் போன் போட்டாள். "மாமா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். அது பகா எண். ஒண்ணையும் அதையும் தவிர எதுவும் வகுக்காது. அத்தாகிட்ட சொல்லட்டா?"

"அப்பனுக்குத் தெரிய வேண்டாம் தாயி" என்றேன். செய்யாததையெல்லாம் செய்ததாகக் கம்பம் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பறைசாற்றுகிற வாய் இது. நிஜமாகவே ஜெயித்த அன்றைக்குத்தான் மூடிக்கொண்டது.

நீ கடைசியாக வந்த அன்று எண்பத்து மூன்றைப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்தாய். "உண்மையச் சொல்லு. இது வகுபடாதுன்னு ஒனக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியாம உலகத்துல என்ன இருக்கு?"

"போடா புளுகு மூட்டை" என்று சிரித்தாய். "அடுத்தது எம்பத்தொம்பது."

அந்த எண்பத்தொன்பதை நான் போட்டுவிட்டேன் மாப்ளே. பஸ்ஸுக்கு நிற்கிற நேரமெல்லாம் அதற்கடுத்ததை, அதற்கும் அடுத்ததை வகுத்துக்கொண்டிருக்கிறேன். எதுவும் சேராது என்று தெரியும். சேர்ந்துவிடுமோ என்கிற பயம் மட்டும் இன்னும் போகவில்லை.