செய்திக்கு முந்திய மூன்று நிமிடம்

அடியே,

இன்று காலை ஆங் மோ கியோ வீட்டில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் கைப்பேசியில் ஏதோ ஒரு இசையை ஓடவிட்டாள். வயலின் கம்பிகளை விரலால் சுண்டும் சத்தம், அதன் மேல் துள்ளிக்கொண்டு ஒரு புல்லாங்குழல். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"இந்த இசைய எழுதுனவங்கள எல்லாரும் மறந்தே போயிட்டாங்களாம்மா. அமெரிக்காவுல ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இப்பதான் தேடிக் கண்டுபிடிச்சு ரெக்கார்ட் பண்ணிருக்காங்களாம் லா," என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்கள் ஊரில் மறந்திருக்கலாம், நம் சிங்கப்பூர்த் தேக்காவில் யார் மறந்தது? இதை உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றால் நீ போய் ஒரு மாதம் ஆகப் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த நாம் வானொலியிலும் ஒன்றாகவே சேர்ந்தோம். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர், நான் இந்தப் பக்கம் இசைத்தட்டு போடுகிறவள். நேயர் விருப்பம் முடிந்து செய்தி தொடங்குவதற்குள் மூன்று நிமிடம் சும்மா கிடக்கும். அதை அடைக்க, இன்று மகள் போட்ட மாதிரியே, அமெரிக்க மெல்லிசைத் தட்டு ஒன்றை வைப்பேன். அதற்கு நிலையத்தில் பெயரே கிடையாது, 'அடைப்பு' என்போம். நீதான் ஒரு நாள் தட்டின் நடுவிலிருந்த பொடி எழுத்தை விளக்கடியில் பிடித்து வாசித்தாய். "மூணு நிமிஷத்துல ஒரு மனுசன சிரிக்க வைக்கிறது லேசாடி? இதச் செஞ்சவருக்குப் பேரு இருக்கு பாரு," என்றாய்.

மறுநாளே நேரலையில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாய். அடுத்த நாள் இன்னொருவர் பெயர். எல்லாரும் சினிமாவுக்கும் வானொலிக்கும் எழுதிப் பிழைத்தவர்கள். பெரிய சங்கீத மண்டபங்கள் அவர்களைத் திரும்பிப் பார்த்ததில்லை என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து என்னிடம் பொரிந்து தள்ளினாய். நம் தமிழ்ப் பகுதித் தலைவர் உன்னைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏம்மா, பேர் வாசிக்கணும்னா கார்டு வரணும். நேயர் கார்டு போடறாரு, நாம வாசிக்கிறோம். அந்த அமெரிக்காக்காரரு கார்டு போட்டாரா? இன்னொரு தடவ சொன்னீங்க, மைக்க வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

நான் பயந்தே போனேன். அந்த ஒலிவாங்கிக்காக உன் அப்பாவோடு நீ எத்தனை சண்டை போட்டிருந்தாய்! "வாய மூடிக்கிட்டு இருடி," என்றேன். நீ கைப்பையை மாட்டிக்கொண்டு, "கார்டுதான வேணும்? வா," என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் தேக்காவின் சிராங்கூன் சாலை முழுக்க என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாய். மசாலா அரைக்கும் கடையில் பாய் மிளகாய் நெடிக்கு நடுவே நம்மை உட்காரவைத்தார். அவருடைய வானொலி அலமாரியின் உச்சியில் பாடிக்கொண்டிருந்தது.

"செய்திக்கு முன்னாடி வருமே, அதாம்மா? அது வந்தாத்தான் நம்ம கடைப் பசங்க தேத்தண்ணிக்குக் கெளம்புவானுவ. அதுக்கும் ஒரு ஆளு இருக்காரா?" என்று வியந்தார். நீ பெயரைச் சொல்லிக் கொடுத்தாய். அவர் வாய்க்குள் நாலு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, கல்லாவில் இருந்தபடியே கார்டு எழுதினார். பூக்கட்டும் அக்காள், நகைக்கடைக்காரர், துணி தேய்ப்பவர், ஒருவரையும் நீ விடவில்லை. எனக்குக் கால் கடுத்தது. உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன், உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

கார்டுகள் வந்தன. தேக்காவில் சொன்னது எப்படிப் பரவியதோ, தூரத்துச் செம்பவாங்கிலிருந்து வந்தது, சுவா சூ காங்கில் கோழி வளர்த்த குடும்பத்திடமிருந்தும் வந்தது. தலைவர் ஒவ்வொன்றாகப் படித்தார். நீ நகத்தைக் கடித்தாய். கடைசியில் அவர் சிரித்துவிட்டார். "வாசிங்கம்மா. ஆனா அரைகொறையா வாசிக்காதீங்க. நம்ம ஆளுங்க பேர வாசிக்கிற மாதிரி முழுசா வாசிங்க."

அன்று விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, "இசை அமைத்தவர்" என்று நிறுத்தி, முழுப் பெயரையும் நிதானமாகச் சொன்னாய். நான் ஊசியை இறக்கினேன். உன் குரலில் ஒரு பிசிறும் இல்லை. அதற்குப் பிறகு நீ வேலையை விட்ட நாள்வரை, அறுபதுகளிலும், பெயர் சொல்லாமல் ஒரு தட்டும் ஓடவில்லை.

உன் நினைவுக் கூட்டத்தில் எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். நல்ல மனைவி, நல்ல தாய், கைமணம் உள்ளவள். வானொலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை வருடம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள், ஒலிவாங்கியில் ஒரு சொல் பேசியறியாதவள், எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டேன். அந்தத் தட்டுகளுக்கு இசை அமைத்த உன் ஆட்களின் பெயர்களை ஞாபகம் வந்த வரை சொன்னேன். "இவங்களையெல்லாம் சிங்கப்பூருக்குச் சொன்னவ," என்று நிறுத்தி, உன் முழுப் பெயரையும் நிதானமாகச் சொன்னேன்.

கூட்டத்தில் பலருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பரவாயில்லை. நாளைக்கு எவரோ வந்து உன்னையும் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைக்க மாட்டேனடி. நான் இருக்கிற வரை நீ தொலைந்து போனவள் இல்லை.