உன் அத்தைக்குப் பெயர் வந்த விதம்

ஆரணி
12.9.1993

அன்பு மகன் அன்பரசுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா பூங்காவனமும் சுகமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் மருமகள் கனிமொழியும் பிறந்த குழந்தையும் சுகம் என்று ஒரு வரி போட்டால் எங்களுக்கு அதுவே போதும். யாரிடம் எழுதி வாங்கினேன் என்று யோசிக்காதே, இது என் கையெழுத்து. அறிவொளி வகுப்பில் எழுபத்திரண்டு வயதில் நான்தான் முதலில் முடித்தேன். இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். இப்போதெல்லாம் பஸ் பலகை, அரிசி மூட்டை, மருந்துச் சீட்டு எதையும் சத்தமாகப் படிக்காமல் விடுவதில்லை, அதனால் உன் அம்மா என்னோடு கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

26-ஆம் தேதி குழந்தைக்கு உன் அத்தை பெயரான பொன்னம்மாள் என்பதையே வைக்கப்போவதாகவும், அது உன் தாத்தா பச்சையப்பன் போர்க்களத்திலிருந்து அனுப்பிய பெயர் என்பதால் அவர் கதையை எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பஸ்ரா கடுதாசி உனக்குத் தெரியும், அட்டையில் ஒட்டிச் சாமி படங்களோடு மாட்டியிருப்பது. 1917-இல் அது வந்தபோது தபால்காரர் அவசரத்தில், சுகமாக இருக்கிறேன், பிறப்பது பெண்ணானால் பொன்னம்மாள் என்று வை என்பதை மட்டும் என் தாய்க்குப் படித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நம் வீட்டில் படிக்க ஆளில்லை. ஆயுத பூஜைக்கு அவரவர் கத்தி, அரிவாள் வைப்பார்கள், பட்டாளத்தான் வீட்டில் ஆயுதமே இல்லாததால் நாம் கடுதாசியை வைத்தோம். எழுபத்தாறு வருஷம் சந்தனமும் குங்குமமும் ஏறிற்று, நீ பள்ளிக்கூடம் போவதற்குள்ளேயே எழுத்து மூடிப்போய்விட்டது.

உனக்கு எழுதுவதற்காக அதை இறக்கி நகத்தால் சுரண்டினேன். உன் அம்மா, "சாமியப் போய் சுரண்டிகினு குந்தினு இருக்கீங்களே, கண்ணு அவிஞ்சிடப் போவுது" என்று கத்தினாள். பொட்டுக்குப் பொட்டு ஒரு வரி வந்தது. உன் தாத்தா துப்பாக்கியே தொடவில்லையப்பா. கோவேறு கழுதைமேல் தண்ணீர் ஏற்றிச் சிப்பாய்களுக்குக் கொண்டுபோவதுதான் வேலை. பதினேழு துருக்கியரை வெட்டினார் என்று நான் சொன்னதை மறந்துவிடு, என் சிறுவயதில் அது ஏழாகத்தான் இருந்தது. அந்தக் கழுதை அவரை இரண்டு முறை உதைத்திருக்கிறது, ஒரு துரையின் தொப்பியைத் தின்றிருக்கிறது. ஒரு நாள் நடுவழியில் உட்கார்ந்துகொண்டு, அடித்தாலும் கெஞ்சினாலும் எழவில்லை. இவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரே போகவேண்டிய பாதையில் குண்டு விழுந்து பள்ளமாகிவிட்டது. பிறகு அது தானாக எழுந்து பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனதாம். கடைசிப் பொட்டின் கீழே, என் உயிரைக் காத்த இந்தக் கழுதைக்கு நான் வைத்த பெயர் பொன்னம்மாள், அதையே நம் பிள்ளைக்கும் வை என்று இருந்தது. போர் முடிந்து வந்தவர் இதைப் பற்றி என் தாயிடம் வாயே திறக்கவில்லை. போரிலிருந்து உயிரோடு திரும்பியவர் வீட்டிலும் உயிரோடு இருக்க வேண்டாமா.

குழந்தையின் பெயர் கெட்டுப்போகுமே என்று மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் புதிதாகப் படிக்கக் கற்றவனால் ஒன்றைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. போளூருக்கு, உன் அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அத்தை இத்தனை காலமும் தன் பெயர் அந்தப் பஸ்ரா நாட்டு ராணியின் பெயர் என்று சொல்லித்தான் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்கார்ந்தவள். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். வெற்றிலை உரலால் அடிக்கப்போகிறாள் என்று கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தேன். அவள் உரலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "தொப்பியத் தின்னுச்சின்னு எழுதிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் அக்கா என்றேன். "அது குந்தலன்னா நம்ம அப்பன் அங்கியே போயிருப்பான். நீ எங்கடா பொறந்திருப்ப? உன் புள்ள ஏதுடா, அவன் புள்ள ஏதுடா? அந்த ராணி யாரைடா காப்பாத்தினா?" என்று என்னையே திட்டினாள். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் கழுதை உட்கார்ந்த இடத்தை மூன்று முறை படிக்க வைத்தாள். நான் பஸ் ஏறுவதற்குள் கழுதை துருக்கியரையும் உதைத்துவிட்டது.

ஆகையால் கதையை மறைக்காமல் படி. உனக்கும் கனிமொழிக்கும் மனமில்லை என்றால் வேறு பெயர் வையுங்கள், எனக்கு வருத்தமில்லை, அத்தையிடம் மட்டும் நீயே சொல்லிக்கொள். வைப்பதானால் அவள் கட்டளை இரண்டு. பொன்னி கின்னி என்று சுருக்கக் கூடாது. குழந்தை எங்கேயாவது அடம்பிடித்து உட்கார்ந்துகொண்டால் அடித்து இழுக்கக் கூடாது, முன்னால் என்ன இருக்கிறது என்று முதலில் நீ போய்ப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்குக் காதில் எண்ணெய் விடாதீர்கள், போட்டோ அனுப்ப மறக்காதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு, கைநாட்டு இல்லாமல்,
உன் அப்பா
ப. தனக்கோடி