வண்டிக்குள் ஈரம்

நவம்பர் 17, 2024, ஞாயிறு

மூன்று நாளாகத் தூறல். இந்த ஈரத்தில் ராபர்ட்சன்பேட்டையில் யார் பெயிண்ட் வாங்க வரப்போகிறார்கள்? சிமெண்ட் பெயிண்ட் மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி வைத்தேன்.

கடை திறந்த கையோடு ஹேமந்திடமிருந்து போன். கனடாவில் அப்போது ராத்திரி. அவன் இருக்கிற சட்பரியும் நம் ஊர் மாதிரி மைன்ஸ் ஊர்தானாம். பழைய கொரோலா ஒன்று வாங்கியிருக்கிறான். பதினேழு வருஷத்து வண்டி. அங்கே பனி உறையாமலிருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், அந்த உப்புத் தண்ணீர் அடிப்பக்கத்தைத் தின்கிறது, என்ன பூசலாம் என்று கேட்டான். படிக்கிற நாளில் கடைப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளை!

துரு மேல் கறுப்புப் பூச்சு அடிக்காதே, ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அரிக்கும் என்றேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு எண்ணெய் ஸ்பிரே. கதவுக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டைகள் அடைபடக் கூடாது. தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டின சைனைடு மேட்டுத் தூசி பறந்து வந்து வண்டிகளை அரிக்கிற ஊரில் இத்தனை வருஷமாக இதைத்தானே சொல்லி விற்கிறேன்.

"வண்டி வாங்கிட்டானா? அப்ப நல்லாத்தான் இருக்கான்" என்றாள் அவன் அம்மா சரஸ்வதி.

நவம்பர் 24

இன்றும் துருதான் பேச்சு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வீடியோவில் முகத்தைக் காட்டுடா என்றால் நெட் சரியில்லை என்கிறான்.

டிசம்பர் 8

கால் மிதியைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். பின் சீட்டுக்கு முன்னால் தரைத் தகடு செதில் செதிலாக உரிந்திருக்கிறது. ஒரு இடத்தில் ஓட்டையே விழுந்து கீழே பனி தெரிகிறது. வெளியிலிருந்து அரித்தது மாதிரி இல்லை. கேட்டேன். பூட்ஸில் ஒட்டி வருகிற பனி உருகித் தேங்குகிறது என்றான். இருக்கலாம்.

டிசம்பர் 15

காலையில் வண்டியின் கூரைத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம். கண்ணாடியின் உள்பக்கம் பனி படிகிறதாம். அதைத் தடுக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பூட்டி நிறுத்தின காலி வண்டியில் ராத்திரி எங்கிருந்து தண்ணீர் வரும்?

மத்தியானம் நாகேஷ் பட்டி டப்பா வாங்க வந்தான். மைசூர் மைன்ஸ் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறவன். அவனிடம் போட்டோவைக் காட்டினேன். "லாரி கேபின்லதாண்ணா இந்த மாதிரி பார்த்திருக்கேன். ஆளு உள்ளயே படுத்தா மூச்சுக் காத்துத் தண்ணியாய்டும். யாரு வண்டி?" என்றான்.

தெரிந்தவர்கள் வண்டி என்றேன்.

அவன் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை, அப்படி இருக்காது. ஏன் இருக்காது?

டிசம்பர் 16

கேட்டுவிட்டேன். "வண்டிலதான் படுக்கிறியாப்பா?"

எல்லாம் சொன்னான். ஆகஸ்டிலேயே குடோன் வேலை போய்விட்டது. ரூமைக் காலி செய்துவிட்டான். எங்கேயோ ஒரு காபிக் கடையில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை. வீடில்லாதவர்கள் தங்குகிற விடுதி நிரம்பி வழிகிறதாம். துரு பிடித்து வண்டியும் போய்விட்டால் படுக்க இடமில்லை. அதனால்தான் அத்தனை கேள்வி.

குளிருக்கு ஹீட்டர் போட இன்ஜினை ஓட விடுகிறான். சைலன்சர் குழாய் துருப்பிடித்து உடைந்து, கம்பியால் கட்டியிருக்கிறான். தரையில்தான் ஓட்டை இருக்கிறதே! புகை உள்ளே வரும்டா, வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே — இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதே, கண்ணாடியை விரல் அளவு இறக்கி வை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

கிளம்பி வந்துடு என்றேன்.

"எப்டிப்பா வர்றது? பேட்டைல கேக்கறவங்களுக்கு இன்னா சொல்லுவீங்க?"

"பெயிண்ட் வாங்க வர்றவங்களுக்கு நான் இன்னாத்துக்குப்பா பதில் சொல்லணும்?"

அழுதான். பொங்கலுக்குப் பிறகு டிக்கெட் போடலாம் என்று ஒத்துக்கொண்டான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றான்.

டிசம்பர் 17

சொல்லவில்லை.

ஜனவரி 5, 2025

ஓட்டைக்கு மேல் தகரம் வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டானாம். டேப்பெல்லாம் புகையைத் தாங்காது என்றேன். சரிப்பா, சரிப்பா என்றான். பிப்ரவரி மூன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிள்ளை வருகிறான் என்று சரஸ்வதி அதிரசத்துக்கு வெல்லம் வாங்கி வைத்திருக்கிறாள்.

ஜனவரி 21

அங்கே மைனஸ் முப்பத்திரண்டு என்று போனில் காட்டுகிறது. நேற்றும் இன்றும் அவன் பேசவில்லை.

ஜனவரி 22

ஹேமந்தின் போனிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் டீனா. ஹேமந்தோடு காபிக் கடையில் வேலை செய்கிறவள், தமிழ்ப் பெண், நம் மாரிகுப்பத்துக்காரி. முந்தாநாள் காலையில் கடைக்குப் பின்னால் வண்டி நின்றிருக்கிறது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, கண்ணாடியெல்லாம் இறுக்கி மூடியிருந்திருக்கிறது. அவள்தான் உடைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். உயிர் இருக்கு அங்கிள், உயிர் இருக்கு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குளிரில் எவன் கண்ணாடியைத் திறந்து வைப்பான்?

சரஸ்வதியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். "எத்தினி நாளா உங்களுக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 30

கண் விழித்துவிட்டான். டீனா போனை அவன் காதில் வைத்தாள். அப்பா என்றான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

சரஸ்வதி இன்னும் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுப் போகிறாள்.

பிப்ரவரி 26

பெங்களூரு ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடவே வந்த டீனா அடுத்த ரயில் பிடித்து மாரிகுப்பத்துக்கு, அவள் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டாள். கும்பிடக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

சரஸ்வதி அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் யாரென்று அவனுக்குத் தெரிந்தது. அது போதும் என்று அப்போது நினைத்தேன்.

மார்ச் 9

மூளைக்குக் காற்று இல்லாமல் போன நேரம் அதிகம் என்கிறார் டாக்டர். போகப் போகப் பார்க்கலாம் என்கிறார். சட்டைப் பொத்தானைப் போடத் தெரிகிறது. போட்ட பிறகு மறுபடியும் கழற்றிப் போடுகிறான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று கடையைத் திறக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஹேமந்த் தட்டில் கை வைத்தவன், தினமும் கேட்பதைக் கேட்டான். "அப்பா, வண்டி எங்க?"

அதைக் காயலான் கடையில் போட்டாகிவிட்டது என்று தினமும் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் எழுந்து கதவுப் பக்கம் போவான். இழுத்து உட்கார வைக்க வேண்டும். இன்றும் அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன்.

"வாசல்ல நிக்குதுப்பா, நீ சாப்பிடு" என்றாள் சரஸ்வதி.

சாப்பிட்டான். பிறகு அவள், ஜனவரிக்கு அப்புறம் முதல் தடவையாக, என்னைப் பார்த்து, "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.