மாமாவின் குழாயில் ஓரகத்தியின் மருந்து

மார்ச் 4

மாமா இன்னும் வெண்டிலேட்டரில்தான். மூளை ரத்தக்கசிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தும் நினைவு தெளியவில்லை. இனி நிமோனியா வந்துவிடுமோ என்பதுதான் பயம். இதே ஐ.சி.யூ.வில் நான் பதினோரு வருடமாக டாக்டர். என் ஓரகத்தியும் டாக்டர்தான், ஆனால் இங்கே நேற்று வந்தவள். இன்று அவள் பெரிய டாக்டரிடம் சொல்கிறாள்: "நிமோனியா வர்றதுக்கு முன்னாடியே நெபுலைசர்ல ஆன்டிபயாடிக் குடுத்துடலாம் சார். நேரா நுரையீரலுக்கே போயிடும்."

வராத நோய்க்கு மருந்தா, கிருமிகளுக்குப் பழகிவிடாதா என்றேன். "மூணு நாள்தானே அக்கா." பெரிய டாக்டர் அவள் பக்கம் தலையாட்டினார். நான் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் நியாயத்துக்காகவா கேட்டேன்?

மார்ச் 5

அத்தை எல்லோரிடமும் போனில்: "சின்னவ ஏதோ புது மருந்து குடுக்கிறா." பெரியவள் என்று ஒருத்தி இருப்பதே மறந்துவிட்டது. வயிறு எரிகிறது. எரியட்டும்.

மார்ச் 6

நெபுலைசர் ஆவி விடுகிறது — ஆனால் அதற்கும் மாமாவின் குழாய்க்கும் நடுவில், ஈரம் காக்கும் ஃபில்டர் அப்படியே இருக்கிறது. மருந்து போகும் நேரம் அதைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தெல்லாம் அதிலேயே தங்கிவிடும். அவள் அடுத்த கட்டிலில் முதுகைக் காட்டி நிற்கிறாள்.

கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம். தோற்கட்டும் என்று — கட்டிலில் கிடப்பது யார்? நான் மேலே படிக்க வீட்டில் எல்லோரோடும் வாதாடிய மனுஷர். என்ன பொம்பளடி நீ?

"ஃபில்டரைக் கழட்டலையா?" என்றேன், வார்டுக்கே கேட்கிற மாதிரி. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து கழற்றினாள். மெதுவாகவும் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 7

அவள் என்னோடு பேசவில்லை. நல்லது.

மார்ச் 14

மாமாவுக்குக் குழாயை எடுத்தாயிற்று. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. "எல்லாம் சின்னவ கைராசி" என்றார் அத்தை. மருந்து கொடுக்காமலும் நிமோனியா வராமல் இருந்திருக்கலாம், யார் கண்டது? அதைச் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 2

விபத்தில் அடிபட்டு ஒருத்தி வந்திருக்கிறாள், என் வயதுதான். இப்போதைக்கு வெண்டிலேட்டரை விட்டு வரமாட்டாள். நெபுலைசரில் ஆன்டிபயாடிக் என்று நானே எழுதினேன். "சின்ன டாக்டர் சொன்னாங்களா மேடம்?" என்றாள் நர்ஸ்.

"ஏன், நான் சொன்னா உள்ள போகாதா?"

மாலைக்குள் செய்தி ஓரகத்தி காதுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியில், "நீங்களும் எழுதிட்டீங்களாமே அக்கா" என்றாள். சிரித்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். சிரிக்கவே இல்லை, பாவி.